பாட்டி சமைக்கிறார், பேத்தி வாயைத் திறப்பதில்லை

கேள்வி: என் மகளுக்கு இரண்டே கால் வயது. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பகலில் அவளை அத்தைதான், அதாவது என் கணவரின் அம்மாதான், பார்த்துக்கொள்கிறார். தினசரிச் சாப்பாடு முதல் விசேஷ நாள் பலகாரம் வரை எல்லாம் அவர் கைப்படச் செய்வது. அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவம். ஒரு வயது வரை எல்லாவற்றையும் ஆசையாகச் சாப்பிட்ட குழந்தை, இப்போது அதே கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அத்தை வீடு முழுக்க அவள் பின்னால் ஓடுகிறார். கடைசியில் செல்போனைக் காட்டி ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. நான் ஏதாவது சொன்னால், “என் கைச் சமையல் உங்களுக்குப் பிடிக்கவில்லை” என்று கண்கலங்குகிறார். அந்தச் சமையல் எனக்கும் உயிர். என் மகளுக்கும் அது போய்ச்சேர வேண்டும். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் யார் மீதும் தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாப்பாட்டுச் சண்டையில் எல்லோரும் தன்னைத்தான் குறை சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

குழந்தையிலிருந்து தொடங்கலாம். பிறந்தபோது இருந்த எடை, முதல் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. அடுத்த ஆண்டில் கூடுவதோ 2 அல்லது இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? போதாக்குறைக்கு, நேற்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை இன்று சந்தேகமாகப் பார்ப்பதும் இந்த வயதின் சுபாவம். உலகத்தில் எந்த மூலையில் பிறந்த குழந்தையும் இதைச் செய்யும். ஆக, அவள் மறுப்பது பாட்டியின் கைப்பக்குவத்தை இல்லை. இந்த ஒரு விஷயத்தை அத்தையிடம் உங்கள் கணவர் உட்கார்ந்து பேசட்டும். மருமகள் சொன்னால் விமர்சனமாகக் கேட்பது, மகன் சொன்னால் செய்தியாகக் கேட்கும். குழந்தை தூங்கிய பிறகு பேசுவது நல்லது. கிண்ணம் கையில் இருக்கும்போது வேண்டாம்.

இடையில் ஒன்று கேட்க வேண்டும். சரியாகச் சாப்பிடவில்லையே என்று அவ்வப்போது பால் கொடுத்துச் சமாளிக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் பல வீடுகளில் நடப்பது. இந்த வயதில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாலே தாராளம். அதற்கு மேல் போனால் வயிறு பாலால் நிறைந்துவிடும், சாப்பாட்டுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்துக் குறைவும் வரலாம்.

சரி, ஊட்டும் விஷயத்துக்கு வருகிறேன். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களில் ஒரு வேலைப் பிரிவினையைச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிது, ஆனால் கால் கிண்ணத்தோடு குழந்தை எழுந்துபோகும்போது பேசாமல் இருக்க மிகுந்த பொறுமை வேண்டும்.

அவருக்கும் முன்பே, 1926-இல், கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 15 குழந்தைகளை வைத்து நீண்ட ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். தட்டில் பலவகை உணவுகளை வைத்துவிடுவார்கள். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று குழந்தை தானே காட்ட வேண்டும், யாரும் வற்புறுத்தக் கூடாது. (இன்றைக்கு அப்படி ஓர் ஆய்வை எவரும் அனுமதிக்க மாட்டார்கள்.) ஒரு வேளை ஒன்றையே வாரித் தின்றார்கள், மறுவேளை அதைத் தொடவில்லை, ஆனால் எல்லோரும் நன்றாகவே வளர்ந்தார்கள். சூட்சுமம் எங்கே என்பதை டேவிஸே சொன்னார்: தட்டில் வைத்த உணவுகளில்தான். சர்க்கரையோ டப்பா உணவோ அதில் கிடையாது. எதை எடுத்தாலும் நல்லதாகவே இருக்கும்படி பெரியவர்கள் தேர்ந்து வைத்திருந்தார்கள்.

உங்கள் அத்தை தினமும் செய்வது அதே வேலையைத்தான். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்ற கடினமான பாதியை அவர் ஏற்கெனவே முடித்துவிடுகிறார். அடுத்த பாதியைப் பேத்தியிடம் விட்டுவிடலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் உழைப்பின் மதிப்பு இதனால் ஒரு துளியும் குறையாது.

நடைமுறையில் இப்படிப் பாருங்கள். மூன்று வேளை சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, மற்ற நேரம் தண்ணீர் மட்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் சாப்பிடும்போதே அவளும் கூட உட்காரட்டும். பகலில் அது பாட்டியும் பேத்தியும் மட்டும்தான் என்றாலும் சரி. உணவு கொஞ்சமாக, ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி அளவு வைத்தால் போதும், கேட்டால் இன்னும் வைக்கலாம். கூடவே அவள் வழக்கமாகச் சாப்பிடும் ஏதோ ஒன்று தட்டில் இருக்கட்டும். 20 அல்லது 30 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். மறுத்துவிட்ட உணவைத் திட்டாமல், கெஞ்சாமல் எடுத்துவைத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி வையுங்கள். குழந்தைக்கு ஒரு சுவை பிடிபட 8 முதல் 15 முறை கூட ஆகலாம் என்கிறார்கள். நாமோ மூன்றாவது தடவையிலேயே “இவளுக்கு இது பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். “இதைச் சாப்பிட்டால் இனிப்பு தருவேன்” என்ற பேரமும் வேண்டாம். இனிப்பின் மதிப்பைத்தான் அது கூட்டும், முதலில் வைத்த சாப்பாடு தண்டனை போல ஆகிவிடும்.

செல்போன் நிச்சயம் போக வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாது. பாட்டி வைத்த சாப்பாட்டின் மணமும் நிறமும்கூட அவளைச் சேராது. முதல் சில நாள் குறைவாகச் சாப்பிடுவாள், அழுவாள். தாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி: அந்தச் சமையல் மகளுக்குப் போய்ச்சேருமா? சேரும், ஆனால் வாயில் திணிப்பதால் சேராது. அவளை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். அத்தை மாவு பிசையும்போது எலுமிச்சை அளவு ஓர் உருண்டையைக் கிள்ளி அவள் கையில் கொடுக்கட்டும். அழுத்துவாள், விரலால் குழி பறிப்பாள், மூக்கில் தேய்த்துக்கொள்வாள். அதைப் பாட்டி தட்டையாக்கிச் சுட்டெடுத்து “இது நீ செய்தது” என்று தட்டில் வைத்துப் பார்க்கட்டும். தன் கைபட்டதைத் தொட்டுப் பார்க்கவாவது பெரும்பாலான குழந்தைகள் ஆசைப்படும். பச்சை மாவையும் பச்சை முட்டையையும் மட்டும் வாயில் வைக்கவிடாதீர்கள், இரண்டிலும் கிருமிகள் இருக்கக்கூடும். சூடான எண்ணெய் அருகே அவள் நிற்கவே கூடாது.

சில பக்குவங்களைக் குழந்தைக்காக மாற்றத்தான் வேண்டும். மூன்று வயது முடியும்வரை நாளைக்கு 2 கிராம் உப்புக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான அளவு; ஆகவே உப்பும் காரமும் சேர்க்கும் முன்பே அவள் பங்கை எடுத்துவைத்துவிடச் சொல்லுங்கள். முழுக் கொட்டைப் பருப்பு 5 வயது வரை வேண்டாம், தொண்டையில் அடைக்கும், பொடித்துப் போடலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். கடை பிஸ்கட் எப்போதாவது கைக்கு வந்தால் பெரிய விஷயமாக்காதீர்கள், வாங்கி அடுக்கிவைக்காமல் இருந்தால் போதும்.

எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமினாலோ, நாளுக்கு நாள் சாப்பிடும் உணவுகளின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போனாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதில் தாமதம் வேண்டாம்.

அப்புறம், அத்தையின் கண்ணீர். அவர் பயம் என்னவென்று எனக்குப் புரிகிறது: அம்மாவிடமிருந்து வந்தது தன்னோடு முடிந்துவிடுமோ என்ற பயம். அதற்குப் பதில் பேத்தியின் வாயில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. விடுமுறை நாளில் ஒரு நோட்டையும் சமையலறைத் தராசையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நில்லுங்கள். கைப்பிடி கணக்கில் போடுகிறவர் அவர். போடுவதற்கு முன் மாவு டப்பாவை ஒருமுறை நிறுத்து, போட்ட பிறகு மறுபடி நிறுத்தால் அவர் கைப்பிடி எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். “பதம் வந்தபின் இறக்கு” என்றால் பதம் எப்படித் தெரியும், நிறமா, மணமா, சத்தமா என்று கேட்டு எழுதுங்கள். யார் சொல்லிக்கொடுத்தது, எந்த நாளில் செய்வார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். எந்தப் பலகாரத்தில் தொடங்குவது என்பதை அத்தையே சொல்லட்டும், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.