நர்ஸம்மாவிடம் கேளுங்கள்: களிக்கும் ஆத்துத் தண்ணிதான்

கேள்வி: எங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் என்பதால் குடிக்க மட்டும் பிடித்து வைக்கிறோம். சமையல் எல்லாம் போர் தண்ணீரில். "கொதிக்க வச்சா எல்லாம் போயிடும்" என்கிறார் மாமியார். ஒன்பது வயதுப் பையனுக்கு முன்பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. அது போகுமா? சின்னவளுக்கு ஒன்றரை வயது. மாமியாருக்கு எப்படிப் புரிய வைப்பது?
- ஒரு வாசகி, பாலக்கோடு வட்டம்

பதில்: கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும் தங்கச்சி, பையன் பல்லில் இப்படிக் கறை போடுகிற புளோரைடு என்ற உப்பு போகாது. ரசம் சுண்டச் சுண்ட உப்பு ஏறுமே, அதே கதைதான். தண்ணீர் வற்ற வற்ற புளோரைடு கூடும்.

நிறம், மணம், ருசி எதிலும் அது தெரியாது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூமிக்கு அடியில் இருக்கிற பாறையிலிருந்து கரைந்து வருவது. போரை ஆழமாக இறக்க இறக்க, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரைத்தான் மேலே எடுக்கிறோம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. காவிரித் தண்ணீரை நம் ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் போட்டதே இதற்காகத்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் திறந்தார்கள்.

குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் என்பது பாதிக் கிணறு தாண்டுவது. களி கிண்டும்போது மாவு எவ்வளவு தண்ணீரை இழுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கூழும் சோறும் குழம்பும் அப்படித்தான். சின்னக் குழந்தைக்கு டம்ளரில் போகிற தண்ணீரைவிடச் சாப்பாட்டில் போவது அதிகமாகக்கூட இருக்கும். அவளுக்கு நிலையான பற்கள் இப்போது ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயதுவரை கவனமாக இருக்க வேண்டும், கறை விழுவது அந்தக் காலத்தில்தான். அதனால் வீட்டில் இருக்கிற நல்ல தண்ணீரில் முதல் பங்கு அவளுக்கு.

பையனுக்கு விழுந்த கறை தேய்த்தால் போகாது. செங்கல் தூள், எலுமிச்சை என்று எதையாவது போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் போகும். கொஞ்சம் பெரியவன் ஆனதும் பல் டாக்டர் மேலே வெள்ளைப் பூச்சு வைத்து மறைக்கலாம், அவசரமில்லை. பள்ளிக்கூடப் பரிசோதனைக்குப் போனால், "ஆ காட்டு" என்றதும் உதட்டை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பல் தேய்க்காத சோம்பேறி என்று திட்டு வாங்கி வாங்கி அப்படி ஆகிவிடுவார்கள். இதில் அவன் தப்பு ஒன்றுமில்லை என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

மாமியாரிடம் புளோரைடு என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாள் ஆத்துத் தண்ணியில் துவரம்பருப்பு வேக வைத்துக் காட்டுங்கள். நம் உப்புத் தண்ணியில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்து நிற்கிற பருப்பு இதில் சீக்கிரம் மசிந்துவிடும். கேஸும் மிச்சம். என் மாமியார் மாறியதும் அதைப் பார்த்துத்தான். நான் நர்ஸ் என்பதற்கெல்லாம் அவர் மசியவில்லை!

இரண்டு நாளைக்கு ஒருமுறை என்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளிக்க, துவைக்க, பாத்திரம் விளக்கப் போர் தண்ணீர் போதும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்குத் தலைக்கு ஏழெட்டு லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஐந்தாறு குடம். மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். கையை விட்டு மொள்ளாதீர்கள்.

அப்புறம், தொட்டி ஆப்பரேட்டரிடம் ஒன்று கேளுங்கள். மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுகிறாரா? பற்றாக்குறைக்குச் சில ஊர்களில் அப்படிக் கலப்பதுண்டு. சந்தேகமாக இருந்தால் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். போர் தண்ணீரையும் இன்னொரு பாட்டிலில் கொண்டு போங்கள். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊர்க் கூட்டத்தில் பேச உங்களுக்கு விஷயம் கிடைக்கும்.