ஒகவாங்கோ ஈரநிலத்தில் விலங்குகளைக் காண்பது: கேள்வி பதில்

கேள்வி: போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் நீர் நிறைந்திருக்க வேண்டுமானால் மழைக்காலத்தில்தானே செல்ல வேண்டும்?

பதில்: பலரும் அப்படி எண்ணித்தான் பயணத்தைத் திட்டமிட்டு ஏமாறுகிறார்கள். அங்கோலாவின் மேட்டுநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெய்யும் மழை, ஆற்று வழியே இறங்கி, கோரைகளுக்கிடையே மெல்லப் பரவி, உள்ளூரில் மழையே பெய்யாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில்தான் டெல்டாவின் உட்பகுதிகளை நிறைக்கிறது. சுற்றியுள்ள கலஹாரி மணற்பரப்பு வறண்டிருக்கும் அந்த நாட்களில் யானைகளும் எருமைகளும் இந்த நீரை நாடி வருகின்றன. ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை செல்லுங்கள். தோணிப் பயணமே முதன்மை என்றால் அக்டோபரைத் தவிர்த்துவிடுங்கள், அதற்குள் நீர் வடியத் தொடங்கிவிடும்.

கேள்வி: மூன்று நாட்களே இருக்கின்றன. ஜீப்பில் சுற்றுவதா, தோணியில் செல்வதா?

பதில்: சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் ஆகியவற்றைக் காண ஜீப்பே ஏற்றது, இரண்டு நாட்களை அதற்கு ஒதுக்குங்கள். ஆனால் ஒரு காலைப்பொழுதையாவது மொகோரோ என்னும் ஒடுங்கிய தோணிக்குக் கொடுக்குமாறு வற்புறுத்திச் சொல்வேன். ஓட்டுபவர் பின்னால் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ள, நம் கண்கள் அல்லி இலைகளுக்குச் சற்றே மேலே நகரும்போது, கோரைத்தண்டில் ஒட்டியிருக்கும் கட்டைவிரல் நகமளவுத் தவளைகூடத் தெளிவாகத் தெரியும். இலைகளின் மேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும் இலைக்கோழியைப் பாருங்கள். குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவையே. ஆபத்து வந்தால் அது குஞ்சுகளைச் சிறகடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும், அவற்றின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும்.

கேள்வி: நீர்யானைகள் தோணியைக் கவிழ்த்துவிடாவா?

பதில்: கவிழ்க்கக்கூடியவைதாம். பகலில் அவை ஆழமான நீரில் கிடப்பதால், ஓட்டுபவர்கள் ஆழம் குறைந்த ஓரங்களிலேயே செல்வார்கள். அவர் கழியை நிறுத்தினால் பேச்சையும் நிறுத்துங்கள். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்காதீர்கள். அந்த விலங்கை வெறும் ஆபத்தாக மட்டும் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்: அவை கோரைக்காட்டை மிதித்து நடக்கும் தடங்களே கால்வாய்களாகி, நீரை உட்பகுதிகளுக்குக் கொண்டுசெல்கின்றன.

கேள்வி: ஏழு வயது மகளையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: பல முகாம்கள் சிறு குழந்தைகளைத் தோணியில் ஏற்றுவதில்லை, பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். அது மலேரியா உள்ள பகுதி என்பதால், மகளுக்குரிய தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: டெல்டாவில் உள்ள மொரேமி விலங்குக் காப்பகத்தை அரசு உருவாக்கியதா?

பதில்: வேட்டையால் விலங்குகள் குறைவதைக் கண்ட, அப்பகுதியில் வாழும் பட்டவானா இன மக்களே தங்கள் நிலத்தில் 1963இல் அதை நிறுவினார்கள். டெல்டா 2014இல் யுனெஸ்கோவின் 1000ஆவது உலக மரபுச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது.