துல்லியப் பண்ணையம் படிக்க விரும்பும் மகள்: காரைக்குடி ஆச்சிக்கு ஒரு பதில்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும் உங்கள் மகள், கணினிப் பொறியியல் வேண்டாம், வயலின் எந்த இடத்துக்கு எது எவ்வளவு தேவை என்று அளந்து செய்யும் துல்லியப் பண்ணையத்தில், பயிருக்கும் தண்ணீருக்கும் கணினி மாதிரி (மாடல்) உருவாக்கும் துறைக்குத்தான் போவேன் என்று நிற்பதாகவும், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை வயலில் போய் என்ன செய்யும் என்று வீட்டுப் பெரியவர்கள் வருந்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தத் துறையில் கணக்கு வீணாகாது; ஆனால் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதில் காலூன்றவும் முடியாது என்பதே என் கருத்து.

மாதிரி என்றால் என்னவென்று பார்க்க, உங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 10 கன மீட்டர் தண்ணீர். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 50 மி.மீ. பெய்தால் 50,000 கன மீட்டர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வந்து சேரும் என்பதை மண்ணின் தன்மை, நிலத்தின் சாய்வு, முந்தைய நாட்களின் ஈரம், மேலே நிற்கும் செடிகொடிகள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவது நீரியல் மாதிரி. கால் பங்கு வந்து சேர்ந்தால் 12,500 கன மீட்டர். பத்தில் ஒரு பங்குதான் என்றால் 5,000. புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருப்பவருக்கு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மடையைத் திறக்கத் தண்ணீர் இருக்குமா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘ஸ்வாட்’ என்னும் மென்பொருள், இதே கணக்கை ஒரு முழு ஆற்றுப் படுகைக்கு, அடித்துச் செல்லப்படும் மண்ணையும் உரச்சத்தையும் சேர்த்துப் போடுகிறது. சுற்றுச்சூழல் மேலாண்மையும் வேளாண்மையும் சந்திக்கும் இடம் அது.

பயிர் மாதிரிகள் வேறு வகை. ‘டிசாட்’, உலக உணவு வேளாண் அமைப்பின் ‘ஆக்வாகிராப்’, நெல்லுக்கென்றே உருவான ‘ஒரைசா’ ஆகியவை, அன்றாட வெப்பநிலை, மழை, சூரிய ஒளி, மண் அடுக்குகளின் தன்மை, விதைத்த தேதி, ரகத்தின் இயல்பு ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, பயிர் நாள்தோறும் எவ்வளவு வளரும் என்று கணக்கிடுகின்றன. இவற்றை இயக்கக் கற்பது பெரிய காரியம் அன்று. நம் செம்மண்ணுக்கும் நம் ரகங்களுக்கும் பொருந்தும்படி மாதிரிக்குள் இருக்கும் எண்களைத் திருத்தி, பிறகு திருத்தத்திற்குப் பயன்படுத்தாத வேறொரு பருவத்தின் விளைச்சலோடு ஒப்பிட்டுச் சோதிப்பதில்தான் உழைப்பெல்லாம் போகிறது; அதற்கு மண் எடுக்கவும், கதிர் அறுத்து எடைபோடவும், வெயிலில் நிற்கவும் வேண்டும். உங்கள் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் அவருக்கு விருப்பம் உண்டா என்பதே.

வயலில் நிற்பானேன், செயற்கைக்கோள் இருக்கிறதே என்று அவர் சொல்லக்கூடும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட்; ஓர் ஏக்கருக்கு நாற்பது புள்ளிகள். வயலுக்குள் எந்த மூலை வாடுகிறது என்று காண இது போதும். ஆனால் நமக்குப் பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை ஒரைசா மாதிரியோடு இணைத்து, பயிர்க் காப்பீட்டுக்கு உதவும் வகையில் நெல் விளைச்சலை மதிப்பிட்டது.

படிப்பைப் பொறுத்தவரை, ‘செயற்கை நுண்ணறிவு வேளாண்மை’ என்பதுபோல் கவர்ச்சியான பெயர் தாங்கிய புதிய இளநிலைப் படிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. (விளம்பரத்தில் டிரோன் பறக்கும், மண் ஆய்வகம் எங்கே என்று கேளுங்கள்.) தண்ணீர், மண்ணரிப்பு, பாசனம் ஆகியவற்றில் நாட்டம் என்றால் வேளாண் பொறியியல், அதற்குத் திருச்சி மாவட்டம் குமுளூரில் அரசுக் கல்லூரி இருக்கிறது, பயிரில் நாட்டம் என்றால் நான்காண்டு இளநிலை வேளாண்மை, அதற்கு நம் செட்டிநாட்டிலேயே பல்கலைக்கழகத்தின் கல்லூரி வந்துவிட்டது. மாதிரியாக்கத்தையும் புள்ளியியலையும் முதுநிலையில் ஆழமாகப் படித்துக்கொள்ளலாம். முதுநிலை வரை படிக்காமல் இந்தத் துறையில் நல்ல வேலையை எதிர்பார்ப்பது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆறு ஆண்டுகளுக்குக் குடும்பம் தயாராக வேண்டும். அதன் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வு மையங்கள், பாசன ஆலோசனை நிறுவனங்கள், ஆராய்ச்சி என்று வழிகள் உண்டு. ஒருவேளை மனம் மாறினாலும், தரவுகளைக் கையாளத் தெரிந்தவருக்குப் பிற துறைகளிலும் இடம் கிடைக்கும்.

முடிவெடுக்குமுன் இந்த விடுமுறையில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ‘கியூஜிஐஎஸ்’ என்னும் இலவச வரைபட மென்பொருளை நிறுவி, உங்கள் ஊர்க் கண்மாயின் மார்கழி, பங்குனி மாதச் செயற்கைக்கோள் படங்களை இறக்கி, நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியது என்று அவரே அளக்கட்டும். பிறகு கரையில் நடந்து சரிபார்க்கட்டும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒருமுறை அழைத்துச் சென்று, அங்குள்ளவர்களோடு பேச விடுங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பங்கள் தனித்தனி என்பதால், இப்போதைக்கு இரண்டையும் போட்டுவைத்து, தரவரிசை வந்ததும் எனக்கு எழுதுங்கள்.