தோசைக்கல் இருக்க மைக்ரோவேவ் எதற்கு?

கேள்வி: சனிக்கிழமை ராத்திரி பீட்சா வாங்கினால் நாலைந்து துண்டு மீந்துவிடுகிறது. பெட்டியோடு மேசைமேல் வைத்துவிட்டு, காலையில் மைக்ரோவேவில் சுடவைத்தால் செருப்புத்தோல் மாதிரி இழுக்கிறது. "பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது என்ன செய்யும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். சாப்பிடலாமா, குப்பையில் போடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மேசைமேல் விடிய விடியக் கிடந்ததைக் குப்பையில் போடுங்கள். மனசு கேட்காதுதான், கொடுத்த காசு அப்படி. ஆனாலும் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பழைய சோற்றை வம்புக்கு இழுத்திருக்க வேண்டாம். அது ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து புளிக்கிறது. அந்தப் புளிப்பு பல கெட்ட கிருமிகளை அண்டவிடாது. சீஸும் கோழித்துண்டும் சுமந்துகொண்டு மதுரைப் புழுக்கத்தில் கிடக்கும் பீட்சாவுக்கு அப்படிக் காவல் எதுவும் கிடையாது. சமைத்த பண்டத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது அமெரிக்க வேளாண்துறை. "அதான் சூடு பண்ணுகிறோமே" என்பார். கிருமி சூட்டில் சாகும். ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி விட்டுவிட்டுப் போன நச்சு, கொதிக்கவைத்தாலும் அசையாது.

அடுத்த சனிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவியதுமே மீந்ததை மூடிபோட்ட டப்பாவில் அடுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த அட்டைப்பெட்டியோடு வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மீன்குழம்பின் வாசம் முழுக்கப் பீட்சாவில் ஏறிவிடும். மூன்று நாள் தாராளமாக இருக்கும்.

இனி செருப்புத்தோல் விஷயம். வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகும், ஃபிரிட்ஜ் குளிரில் இன்னும் வேகமாக. நேற்றைய இட்லி விறைத்துப்போவதும் இதனால்தான். நன்றாகச் சூடேற்றினால் மறுபடி இளகும். ஆகவே பீட்சா விறைத்ததில் தப்பில்லை, நீங்கள் இளக்கிய விதத்தில்தான் தப்பு. மைக்ரோவேவ் உள்ளே இருக்கும் ஈரத்தைச் சூடாக்குமே தவிர, அடிப்பாகத்தை முறுக விடாது. கிளம்பிய ஆவி ரொட்டியிலேயே இறங்கிச் சொதசொதவென்று ஆக்கும். தட்டு ஆறுவதற்குள் ரப்பராகிவிடும். பீட்சாவின் தாய்வீடான இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பில் தளமே 400 டிகிரியை ஒட்டிக் காய்ந்திருக்கும், ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். அடியில் அறையும் சூடுதான் பீட்சாவுக்கு உயிர். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்: தோசைக்கல்.

கல்லை அடுப்பில் வைத்து, சற்றுக் காய்ந்ததும் தீயைக் குறையுங்கள். எண்ணெய் வேண்டாம், சீஸில் இருப்பதே போதும். துண்டை வைத்து மூன்று நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு தோசைத்திருப்பியால் ஓரத்தைத் தூக்கித் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கேட்க வேண்டும். கேட்டதும், துண்டின் மேல் படாமல் கல்லின் ஓரத்தில் அரை ஸ்பூன் தண்ணீர் தெளித்து, உஸ்ஸென்ற ஆவி தப்புவதற்குள் மூடிவிடுங்கள். ஒரே நிமிடத்தில் சீஸ் பளபளவென்று உருகியிருக்கும். மூடியை எடுத்தபின் இன்னும் அரை நிமிடம் கல்லிலேயே விட்டால், தங்கிய ஈரமும் போய்விடும். உடனே எவர்சில்வர் தட்டில் போட்டுவிடாதீர்கள், அடியில் வேர்த்துப் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

மறுசூடு என்றால் மட்டம் என்ற நினைப்பும் வேண்டாம். நியூயார்க்கில் துண்டுபோட்டு விற்கும் கடைகளில் பெரிய பீட்சாவை முன்பே சுட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். கேட்டதும் ஒரு துண்டை அடுப்பில் தள்ளி, முறுமுறுவென்று எடுத்து நீட்டுவார்கள். அந்த ஊரே இரண்டாம் சூட்டைத்தான் நின்றுகொண்டு சாப்பிடுகிறது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஜில்லென்றே கடிப்பவர்களும் உண்டு. ஒழுங்காக வைத்திருந்த பீட்சா என்றால் அது அவரவர் நாக்கின் பாடு. நான் குறுக்கே வரமாட்டேன்.

அப்புறம், பிள்ளைகள் கடித்துப் போடாமல் ஒதுக்கிவைத்த ஓரங்கள் இருக்குமே, அவற்றையும் அதே கல்லில் பொன்னிறமாக வாட்டி ராத்திரி மீந்த தக்காளி ரசத்தில் தோய்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் ரஸ்க் என்று சொல்லிவிடுங்கள்.