அந்த நோட்டில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு 41 வயது. தேடி வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாலை ஐந்து மணி ஆனால் பறவை பார்க்கக் கிளம்பிவிடுகிறார். ஒரு நோட்டில் ஏதேதோ எழுதி வைக்கிறார். அவர் விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இவ்வளவு திறமையும் வீணாகிறதே என்று மனம் கேட்கவில்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது? உறவினர்கள் கேட்டால் என்ன சொல்வது?

ஒரு வாசகி
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள வாசகிக்கு,

உறவினர்கள் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், அதை விடுங்கள். அண்ணன் மேல் உங்களுக்குள்ள பாசம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனாலும் 'மதிக்கிறேன்' என்று எழுதிய கையோடு ஓர் 'ஆனால்' போட்டீர்களே, அதோடு அந்த மதிப்பு போயிற்று.

'வீண்' என்ற சொல்தான் சில நாட்களாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. 1904 முதல் கணிதக்காரர்களைத் திணறடித்த புவான்கரே அனுமானம் என்ற புதிரை நிரூபித்து, 2002-03இல் சும்மா இணையத்தில் போட்டார் ரஷ்யக் கணிதமேதை கிரிகோரி பெரல்மான். 2006இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் 2010இல் பத்து லட்சம் டாலர் பரிசையும் மறுத்தார். அவரையும் 'பாவம்' என்றுதான் பேசினோம். நாம் ஆசைப்படுவதை ஒருவர் வேண்டாம் என்றால் நமக்குப் பொறுப்பதில்லை.

நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். என் பெரியப்பா கடைசிவரை குமாஸ்தாவாகவே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பழைய கைக்கடிகாரங்களைப் பிரிப்பார். எள்ளளவு திருகாணியை இடுக்கியில் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். எனக்கு அப்போது 22 வயது, புது வேலை, தலைகால் புரியவில்லை. "பரீட்சை எழுதியிருந்தால் எப்போதோ அதிகாரி ஆகியிருப்பீர்கள். வாழ்க்கையை வீணாக்கிவிட்டீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த கடிகாரத்தை என் காதருகே வைத்து, "விநாடிக்கு எத்தனை தடவை அடிக்குது, சொல்லு" என்றார்.

ஒன்று என்றேன்.

"அஞ்சு. மணிக்கு 18,000."

அத்தனை வருடம் கையில் கடிகாரம் கட்டியிருந்தும் எனக்கு அது தெரியாது. அதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவும் இல்லை. இப்போது கேட்க நூறு கேள்வி இருக்கிறது, அவர் இல்லை.

அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. உங்கள் கடிதம் நான்கு பக்கம். சம்பளம் இருக்கிறது, பதவி இருக்கிறது, அண்ணனோடு படித்தவர்கள் வாங்கிய வீடுகள் இருக்கின்றன. ஒரு பறவையின் பெயர்கூட இல்லை. 'ஏதேதோ' எழுதுகிறார் என்கிறீர்களே, அந்த நோட்டை ஒரு தடவையாவது கேட்டு வாங்கிப் பார்த்தீர்களா? புத்திமதியைத் தூக்கிப் போடுங்கள். ஒரு மாலை அவர் கூடப் போய்ப் பேசாமல் நில்லுங்கள். என்ன பறவை பார்த்தீர்கள் என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.