கோர்கள் கூடினால் வேகம் கூடுமா? பிராசஸர் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பல, கோர்களின் எண்ணிக்கையையே கணினியின் வேகமாகக் கருதும் எண்ணத்திலிருந்து எழுந்தவை. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றைத் தொகுத்து எழுதுகிறேன்.

கேள்வி: கோர் என்பது என்ன? நான்கு கோர் உள்ள பிராசஸர், நான்கு தனித்தனிப் பிராசஸர்களுக்குச் சமமாகுமா?

பதில்: நிரலின் கட்டளைகளை எடுத்து, அவை சொல்லும் கணக்கைச் செய்து, விடையை உரிய இடத்தில் எழுதிவைக்கும் முழுமையான அலகுதான் கோர். கணக்கிடும் சுற்றுகள், அப்போதைக்குத் தேவையான எண்களை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள், அடிக்கடி கேட்கப்படும் தரவுக்கான சிறிய, விரைவான நினைவகமான கேஷ் ஆகியவை ஒவ்வொரு கோருக்கும் தனியாக உண்டு. 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004, ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒற்றைக் கோர் சில்லு. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் வரை பொதுப் பயன்பாட்டுச் சில்லு என்றால் ஒரு கோர் என்பதே வழக்கமாக இருந்தது. 2001-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பவர்4 ஒரே சில்லில் இரண்டு கோர்களைக் கொண்டு வந்தது; 2005-இல் பென்டியம் டி, அத்லான் 64 எக்ஸ்2 ஆகியவற்றின் வழியாக அந்த வசதி வீட்டுக் கணினிகளை எட்டியது.

கணக்கிடும் திறனை மட்டும் பார்த்தால், நான்கு கோர்கள் நான்கு பிராசஸர்கள்தான். ஆனால் ரேமுக்குச் செல்லும் பாதையும், பெரும்பாலான சில்லுகளில் மூன்றாம் நிலைக் கேஷும், மொத்த மின்சார வரம்பும் அவை நான்குக்கும் பொதுவானவை. ரேமிலிருந்து பெருமளவு தரவைத் தொடர்ந்து கேட்கும் நான்கு வேலைகளை ஒருசேர ஓடவிட்டால், கோர்களில் திறன் மிச்சமிருக்கும்போதே அந்தப் பாதை நெரிசலாகி நான்கும் காத்திருக்க நேரிடும்.

கேள்வி: ஒரே கோர் இருந்த காலத்திலும் பாடல் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தோம். இரண்டு வேலைகளையும் ஒரே கோர் எப்படிச் செய்தது?

பதில்: இரண்டையும் ஒரே கணத்தில் அது செய்யவில்லை, மாற்றி மாற்றிச் செய்தது. சதுரங்க மேதை ஒருவர் முப்பது பலகைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நகர்வைச் செய்துவிட்டு அடுத்ததற்குச் செல்வதைப் போன்றது இது. ஒவ்வொரு எதிராளியின் ஆட்டமும் தடையின்றி நடக்கிறது. மேதையோ எந்தக் கணத்திலும் ஒரு பலகையின் முன்தான் நிற்கிறார்.

இதைச் சாத்தியமாக்குவது டைமர். குறிப்பிட்ட இடைவெளியில் (விண்டோஸின் வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறை) அது கோருக்குக் குறுக்கீட்டுச் சைகை அனுப்புகிறது. உடனே இயங்குதளம் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த நிரலின் நேரம் முடிந்துவிட்டதா என்று பார்க்கிறது. முடிந்திருந்தால், அதன் ரெஜிஸ்டர்களில் உள்ள மதிப்புகளை அப்படியே சேமித்துவைத்துவிட்டு, அடுத்த நிரலின் மதிப்புகளை ஏற்றி ஓடவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் மைக்ரோநொடிக் கணக்கில் அடங்கிவிடும். 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு நொடிக்கு 300 கோடி துடிப்புகள் (கோர் தன் வேலையின் சிறு படிகளை எடுத்துவைக்கும் தாளம்) உண்டு. நீங்கள் நொடிக்குப் பத்து எழுத்துகளைத் தட்டினாலும், இரண்டு எழுத்துகளுக்கு இடையே அதற்கு 30 கோடி துடிப்புகள் கிடைக்கின்றன. அந்த இடைவெளியில் பாடலின் அடுத்த துண்டை ஆயத்தம் செய்வது அதற்குச் சிறு வேலை.

நேரத்தைப் பங்கிடும் இந்த முறை பழமையானது. 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஐபிஎம் 709 கணினியில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பின் மூலம் இதைச் செய்து காட்டியது. விண்டோஸ் 3.1 காலத்தில், நிரல்கள் தாமாக முன்வந்து கோரை விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு வாய்ப்புக் கிடைத்தது. அதனால் ஒரு நிரல் சிக்கிக்கொண்டால் மற்றவையும் உறைந்தன. விண்டோஸ் 95, தனது 32-பிட் நிரல்களிடமிருந்து கோரை வலிந்து பறிக்கும் அதிகாரத்தை இயங்குதளத்துக்கு அளித்தது. அன்றாடப் பயனர் உணர்ந்த முன்னேற்றத்தில் இந்த மாற்றத்துக்குள்ள பங்கு பெரிது என்றே நான் கருதுகிறேன். இன்றும் சில ஆயிரம் த்ரெட்கள் (நிரலுக்குள் தனித்தனியே ஓடக்கூடிய கட்டளைத் தொடர்கள்) எட்டுக் கோர்களைப் பங்கிட்டுக்கொள்வது இதே வழியில்தான். அவற்றில் பெரும்பாலானவை எதற்காகவோ காத்து உறங்கிக்கொண்டிருப்பதால்தான் பங்கீடு எளிதாக முடிகிறது.

கேள்வி: என் மென்பொருள் பெரிய கோப்பு ஒன்றைக் கையாளும்போது உறைந்து நிற்கிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பயன்பாடு 12 அல்லது 13 விழுக்காடுதான். பிராசஸர் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதில்லை. டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் லாஜிக்கல் பிராசஸர்களின் எண்ணிக்கையை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை த்ரெட்களைக் கணினியால் ஓட்ட முடியும் என்பதைப் பாருங்கள். அது 8 என்று இருக்கும் என நினைக்கிறேன். நூறை எட்டால் வகுத்தால் 12.5. அதாவது, உங்கள் மென்பொருள் ஒரே த்ரெட்டில் எழுதப்பட்டிருக்கிறது; அந்த ஒரு த்ரெட் தன்னால் இயன்ற முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்க, மற்ற ஏழுக்கும் கொடுக்க அதனிடம் வேலை இல்லை. அந்தப் பக்கத்தின் வரைபடத்தை வலது சொடுக்கி, லாஜிக்கல் பிராசஸர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இயங்குதளம் ஒரு த்ரெட்டை அவ்வப்போது கோர் விட்டுக் கோர் மாற்றக்கூடும் என்பதால், ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நிற்காமல் சுமை பல கட்டங்களில் சிதறித் தெரியலாம். அதைக் கண்டு வேலை பகிரப்படுகிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த நிலையில் 16 லாஜிக்கல் பிராசஸர் உள்ள கணினிக்கு மாறினால், எண் 6.25 விழுக்காடாகக் குறையும். காத்திருப்பு அந்த அளவுக்குக் குறையாது. ஒற்றைக் கோரின் வேகம் கூடுதலாக உள்ள பிராசஸரோ, வேலையைப் பிரித்துச் செய்யும் வசதியுடைய புதிய பதிப்போதான் தீர்வு. பல மென்பொருள்களில் அந்த வசதி அமைப்புகளில் அணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: எட்டுக் கோருக்குப் பதிலாகப் பதினாறு கோர் வாங்கினால் வேலை பாதி நேரத்தில் முடியுமா?

பதில்: 1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் முன்வைத்த வாதம் இதற்கு நேரடியான விடை தருகிறது. ஒரு கோரில் 100 நிமிடம் ஆகும் வேலையை எடுத்துக்கொள்வோம். அதில் 90 நிமிட வேலையை எத்தனை கோர்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். மீதி 10 நிமிடம், ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டிய பகுதி. இரண்டு கோரில் இது 55 நிமிடத்திலும், நான்கு கோரில் 32.5 நிமிடத்திலும், எட்டுக் கோரில் 21.25 நிமிடத்திலும் முடியும். பதினாறு கோருக்குச் சென்றால் ஏறத்தாழ 15.6 நிமிடம். முதல் இரட்டிப்பு 45 நிமிடத்தை மிச்சப்படுத்தியது. கடைசி இரட்டிப்பு ஆறு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தவில்லை. ஆயிரம் கோர்களை அடுக்கினாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கீழே போக வழியில்லை.

ஆகவே, உங்கள் வேலையின் இயல்பே விடையைத் தீர்மானிக்கிறது. காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுதல், முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குதல், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்தல், பல மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் இயக்குதல் ஆகியவை நன்றாகப் பிரியும். முந்தைய விடை தெரிந்தால்தான் அடுத்த படியைத் தொடங்க முடியும் என்ற சங்கிலிக் கணக்குகள் பிரியவே பிரியா. எழுதுவது, இணையத்தில் படிப்பது, கணக்குத் தாள் நிரப்புவது ஆகியவை உங்கள் அன்றாடம் என்றால், ஆறு அல்லது எட்டு நல்ல கோர்களுடன் நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் இடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: "8 கோர், 16 த்ரெட்" என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் எட்டு எங்கிருந்து வருகின்றன?

பதில்: கோருக்குத் தேவையான தரவு கேஷில் இல்லாமல் ரேமிலிருந்து வரவேண்டியிருந்தால், ஏறத்தாழ 100 நானோநொடி ஆகலாம். 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 300 துடிப்புகள் வீணாவதற்குச் சமம். ஒரு கோர் இரண்டு த்ரெட்களின் நிலையை ஒன்றாக வைத்துக்கொண்டு, ஒன்று காத்திருக்கும்போது மற்றொன்றுக்கு அந்தச் சுற்றுகளைப் பயன்படுத்துவதே ஹைப்பர்-த்ரெடிங். இன்டெல் இதை 2002-இல் அறிமுகப்படுத்தியது. கணக்கிடும் சுற்றுகள் கூடவில்லை, அவை சும்மா இருக்கும் நேரம் குறைகிறது. எனவே திறன் இரட்டிப்பாகாது. இரண்டு த்ரெட்களும் ஒரே வகைச் சுற்றுக்குப் போட்டியிடும் வேலைகளில் பயன் மிகக் குறைவு. 2024-இல் வந்த ஆரோ லேக் பிராசஸர்களில் இன்டெல் இந்த வசதியையே விட்டுவிட்டது.

ஒரு 12-ஆம் தலைமுறைப் பிராசஸரில் 16 கோர், 24 த்ரெட் என்று இருப்பது ஏன் என்று மற்றொரு வாசகரும் கேட்டிருக்கிறார். ஐ9-12900கே போன்ற சில்லில் எட்டு விரைவுக் கோர்கள் தலா இரண்டு த்ரெட்களைத் தாங்குகின்றன. மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் எட்டுச் சிறிய கோர்கள் தலா ஒன்றை மட்டுமே தாங்குகின்றன. பதினாறும் எட்டும் சேர்ந்து இருபத்து நான்கு.

கேள்வி: கோர்களைக் கூட்டுவதற்குப் பதில், ஒரே கோரை 20 கிகாஹெர்ட்ஸில் ஓட்டக் கூடாதா?

பதில்: வெப்பம் அதற்கு இடம் தரவில்லை. டிரான்சிஸ்டர்கள் சுருங்கச் சுருங்க மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போகலாம், அதனால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கான வெப்பம் அதிகரிக்காது என்று ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974-இல் காட்டினர். 2000-களின் நடுப்பகுதியில், டிரான்சிஸ்டர்கள் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியதால், மின்னழுத்தத்தை மேலும் அதே விகிதத்தில் குறைக்க இயலவில்லை. செலவாகும் மின்திறன், துடிப்பு வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்பப் பெருகும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டியிருப்பதால், சிறிய வேக உயர்வுக்குப் பெரிய வெப்பத்தை விலையாகத் தர நேர்கிறது. பென்டியம் 4 தொடர் 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது; 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பை 2004-இல் இன்டெல் கைவிட்டது. மறு ஆண்டே இரட்டைக் கோர் வந்தது தற்செயல் அன்று.

கேள்வி: உலாவியில் நாற்பது பக்கங்களைத் திறந்தால் கணினி திணறுகிறது. கூடுதல் கோர்கள் உதவுமா?

பதில்: பெரும்பாலும் உதவாது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாடு உச்சத்தை ஒட்டியிருந்து, வட்டின் பயன்பாடும் ஏறியிருந்தால், ரேமில் இடமின்றிப் பக்கங்கள் வட்டுக்கும் ரேமுக்கும் அலைகின்றன என்று பொருள். ரேமைக் கூட்டுங்கள்.

கேள்வி: வேலையைப் பிரிப்பதுதான் தீர்வு என்றால், நிரலாளர்கள் ஏன் எல்லா மென்பொருளையும் பல த்ரெட்களில் எழுதுவதில்லை?

பதில்: பிரிப்பதைவிட, பிரித்தவை ஒன்றையொன்று கெடுக்காமல் காப்பது கடினம். ஓர் எண்ணியின் மதிப்பு 5 என்று கொள்வோம். இரண்டு த்ரெட்கள் ஒரே சமயத்தில் அதைப் படித்து, தனித்தனியே ஒன்றைக் கூட்டி, இரண்டும் 6 என்று எழுதிவைத்தால், 7 வரவேண்டிய இடத்தில் 6 நிற்கும். இப்பிழை ஆயிரம் முறை ஓட்டியும் தென்படாமல் இருந்துவிட்டு, ஆயிரத்தோராவது முறை தலைகாட்டலாம். அதைத் தடுக்க, ஒரு த்ரெட் முடிக்கும்வரை மற்றொன்றை நிறுத்திவைக்கும் பூட்டுகளைப் போடுகிறார்கள். பூட்டுகளோ தமக்கே உரிய சிக்கல்களைக் கொண்டுவருகின்றன.

1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் இதற்குச் சான்று. அதன் கணினி அவ்வப்போது தானாக மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. வானிலைத் தரவைக் கையாளும் குறைந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்த வேளையில், இடைநிலை முன்னுரிமையுடைய பணிகள் அதனிடமிருந்து பிராசஸரைப் பறித்துக்கொண்டன. அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த மிக முக்கியமான பணியால் குறித்த நேரத்தில் முடிக்க இயலவில்லை. முக்கியப் பணி முடியாததைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு கணினியை மீட்டமைத்தது. முக்கியப் பணி காத்திருக்கும்வரை, பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்கும் அதே முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் அமைப்பைப் பொறியாளர்கள் பூமியிலிருந்தே இயக்கி அதைச் சரிசெய்தனர். அதில் இருந்தது ஒரே பிராசஸர் என்பதைக் கவனியுங்கள். வேலைகளை மாற்றி மாற்றிச் செய்வதே இத்தகைய சிக்கலுக்குப் போதுமானது. நிரலாக்கம் பயில்வோர், பல த்ரெட்கள் ஒரே தரவை மாற்றும் வடிவமைப்பைத் தவிர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தரவைக் கொடுத்து, இறுதியில் விடைகளை மட்டும் சேர்க்கும் முறையிலிருந்து தொடங்குவது நல்லது.