‘ஒழுக்கங்கெட்ட’ என்ற ஒரே சொல் போதுமா?

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். டெகடன்ட், டிபாச்ட், டிஸ்ஸலூட், ப்ராஃப்ளிகேட் என்ற நான்கு சொற்களுக்கும் என் அகராதியில் ‘ஒழுக்கங்கெட்ட’ என்றே போட்டிருக்கிறது. ஆனால் ஒரு பேக்கரியில் ‘டெகடன்ட் சாக்லேட் கேக்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். கேக் எப்படி ஒழுக்கம் கெடும்?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நல்ல இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். நாலு சொல்லுக்கும் ஒரே அர்த்தத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிடலாம், ஆனால் ஒரு நாவலைப் படிக்கும்போது அந்தப் பாத்திரத்தின் மேல் நமக்கு வர வேண்டியது கோபமா பரிதாபமா என்பதே தெரியாமல் போய்விடும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிபாச்சிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதற்குத் தமிழே வழி காட்டுகிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள்: கெட்டான் தன்வினை, கெடுத்தான் பிறவினை. டிபாச் என்ற வினைச்சொல் கெடுத்தான் பக்கம். பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒருவரை அவருடைய வேலையிலிருந்து, கடமையிலிருந்து ஆசை காட்டி இழுத்துப் போவதுதான் அதன் பழைய பொருள். இன்றைக்கும் பிரெஞ்சில் ஆட்களை வேலையிலிருந்து நீக்குவதற்கும், இன்னொரு கம்பெனியின் ஆளைத் தன் பக்கம் இழுப்பதற்கும் அதே வினைதான். ஆங்கிலத்தில் இப்போது டிபாச்ட் என்றால் குடி, காமம் என்று மூழ்கிக் கிடப்பவர், யார் கெடுத்தது என்ற கேள்வி எல்லா இடத்திலும் எழுவதில்லை. ஆனால் பழைய நாவலில் ஒரு பெண்ணை ஒருவன் டிபாச் செய்தான் என்று வந்தால் குற்றம் அவன் மேல். அங்கே போய் அவளை ‘ஒழுக்கங்கெட்டவள்’ என்று மொழிபெயர்ப்பது பெரிய அநியாயம்.

டிஸ்ஸலூட், டிஸால்வ் என்ற சொல்லின் உடன்பிறப்பு. லத்தீனில் அவிழ்ந்தது, தளர்ந்தது என்று அர்த்தம். நம் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு கட்டு இருக்கிறது இல்லையா, அது அவிழ்ந்துபோன மனிதன். ‘கட்டவிழ்ந்த வாழ்க்கை’ என்று எழுதினால் பொருந்திவிடும்.

ப்ராஃப்ளிகேட்டுக்கு லத்தீன் மூலம் ‘அடித்து வீழ்த்தப்பட்ட’ என்பது. முதலில் ஒழுக்கத்தில் அடியோடு வீழ்ந்தவரைத்தான் குறித்தது, பிறகு மெல்லப் பணத்தின் பக்கம் நகர்ந்தது. இன்றைய பத்திரிகையில் ஓர் அரசை ப்ராஃப்ளிகேட் என்றால் கஜானாவை வீணடிக்கிறது என்றுதான் அர்த்தம். கால்பந்து வர்ணனையில்கூட வரும்: கோல் போடக் கிடைத்த வாய்ப்புகளையெல்லாம் கோட்டைவிடும் அணியை அப்படிச் சொல்வார்கள், அங்கே ஒழுக்கத்துக்கு இடமே இல்லை. இரண்டு அர்த்தமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் நம்மிடம் ‘டம்பாச்சாரி’ என்ற அருமையான பழைய சொல் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் டெகடன்ட். இதன் வேரில் இருப்பது விழுதல். டிகே, அதாவது அழுகல், அதே வேர்தான். இதைத் தனி மனிதரைவிட ஒரு சமூகத்துக்கு, ஒரு காலத்துக்கு, ஒரு கலைப்போக்குக்குச் சொல்வதே அதிகம். உச்சத்தில் இருந்தது உள்ளுக்குள் சீரழிகிறது என்ற எண்ணம் அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் சில எழுத்தாளர்கள் அந்த வசையையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள், 1886இல் அதே பெயரில் ஒரு பத்திரிகையும் வந்தது. தமிழ் விமர்சனத்தில் ‘நசிவு’ என்ற சொல் இதற்கு ஏற்றது. உங்கள் கேக்குக்கு வருவோம்: அளவை மறந்து சுகத்துக்கு இடம் கொடுப்பது என்ற ஒரு இழையை மட்டும் விளம்பரக்காரர்கள் உருவி எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டால் கொஞ்சம் குற்ற உணர்வு வரும், ஆனாலும் விட மனசு வராது, அவ்வளவுதான்.

கேள்வி: பல வருடம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு என் மகன் ஊர் திரும்பினான். நண்பர் ஒருவர் ‘ப்ராடிகல் சன் வந்துவிட்டான்’ என்று வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அது பாராட்டா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அன்பாகத்தான் அனுப்பியிருப்பார், வருத்தப்படாதீர்கள். ஆனால் சொல் தவறு. ப்ராடிகல் என்றால் திரும்பி வந்தவன் இல்லை, ஊதாரி. லூக்கா சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்துக் கதையில் இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்புகிறான். நம் மனதில் நிற்பது அந்தக் கடைசிக் காட்சி, அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது, அதனால் சொல்லின் அர்த்தமே ‘திரும்பியவன்’ என்று பலருக்குப் பதிந்துவிட்டது. இத்தனைக்கும் 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் கதைக்குள் ப்ராடிகல் என்ற சொல் எங்குமே இல்லை, அது கதைக்கு வைத்த பெயர்.

இன்னொன்றும் கவனியுங்கள். தமிழில் ‘கெட்ட குமாரன்’ என்றும் சொல்கிறோம், ‘ஊதாரி மைந்தன்’ என்றும் சொல்கிறோம். முதல் பெயர் ஒழுக்கத்தைப் பேசுகிறது, இரண்டாவது பணத்தை. ப்ராடிகலுக்கு நேரானது இரண்டாவதுதான். அவன் தாறுமாறாக வாழ்ந்து சொத்தை அழித்தான் என்று கதை சொல்கிறது, உண்மை. ஆனால் விலைமாதர்களிடம் அழித்தான் என்ற பேச்சு கோபத்தில் நிற்கும் அண்ணனின் வாயிலிருந்து மட்டுமே வருகிறது. ஊதாரிக்கும் ஒழுக்கங்கெட்டவனுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: லாவிஷ், எக்ஸ்ட்ராவகன்ட், எக்ஸார்பிடன்ட் மூன்றும் ஒன்றுதானே?
- வாசகி, திருச்சி

பதில்: ஒரே கல்யாணத்தை வைத்துச் சொல்கிறேன். வந்தவர்களுக்கெல்லாம் இலை நிறையப் பரிமாறினால் சாப்பாடு லாவிஷ், பெரும்பாலும் பாராட்டு. அடைமழையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, நாமும் பணத்தைத் தண்ணியாய்ச் செலவழித்தான் என்கிறோமே. கடன் வாங்கி அதைச் செய்திருந்தால் அப்பா எக்ஸ்ட்ராவகன்ட், எல்லை தாண்டி அலைந்தவர். மண்டபக்காரர் கேட்ட வாடகை எக்ஸார்பிடன்ட், வண்டித்தடத்தை விட்டு விலகியது என்பது மூலப் பொருள். அதை விலை, வட்டி, வாடகை இவற்றுக்கே பெரும்பாலும் சொல்வார்கள், ஆளுக்குச் சொல்வதில்லை.

கேள்வி: இம்மாரல், ஏமாரல்?
- மாணவர், மதுரை

பதில்: தப்பு என்று தெரிந்தே செய்பவர் இம்மாரல். சரி, தப்பு என்ற கணக்கே இல்லாதது ஏமாரல். அடுப்படியில் பாலைக் குடித்துவிட்டுப் போகும் பூனை ஏமாரல். அந்தப் பாலில் தண்ணீர் கலந்து விற்றவர் இம்மாரல்.